அமாதாவைக் கூட்டிப்போக வந்தவர்கள்

முதலில் வந்தவை முளைகள். ஒரு நாள் காலையில் ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்ட ஆட்கள் நாலைந்து பேர் வந்து, நாங்கள் படகு ஏற்றி வைக்கும் மணலில் வரிசையாகக் கட்டைகளை அடித்துக் கயிறு கட்டினார்கள். எதற்கு என்று கேட்டோம். "எங்களுக்கு என்னம்மா தெரியும், அடிக்கச் சொன்னாங்க, அடிக்கிறோம்" என்றார்கள். மறுநாள் ஒரு பலகை முளைத்தது. தனியார் இடம், உள்ளே வரக்கூடாது.

எங்கள் ஊர் பாரா சலாதாவில் ஆறு கடலைத் தொடும் இடத்தில் கரை கொஞ்சம் உள்வாங்கி வளைந்திருக்கும். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் படகை ஒதுக்க அந்த வளைவை விட்டால் வேறு இடம் இல்லை. கரிஃபுனா ஜனங்களான எங்கள் முன்னோர்கள் இந்தக் கரைக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து அது யாருடைய சொந்தமும் இல்லை, எல்லோருக்கும் சொந்தம். அங்கேதான் ஒரு ஹோட்டல் கம்பெனி உல்லாசப் படகுகளுக்காகத் துறை கட்டப் போகிறது என்றார்கள். ஊர்க் கூட்டம் போட்டு நாங்களே சம்மதித்துவிட்டதாக அவர்கள் அரசாங்கத்துக்குச் சொல்லியிருந்தார்கள். அப்படி ஒரு கூட்டம் நடக்கவே இல்லை.

என் பெயர் பசீலியா. கடற்கரைக்குப் போகும் தெருவில் மீன் பொரித்து விற்கிறேன். என் அடுப்புக்கு எதிர் வீடு அமாதாவுடையது. அமாதா எங்கள் ஊர்ச் சங்கத்தின் தலைவி. புருஷன் சரக்குக் கப்பலில் சமையல்காரர். வருஷத்துக்கு ஒரு முறை வருவார். மகள் தலைநகரத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் இவள் மட்டும்தான். குடிநீர்க் குழாய் உடைந்து ஊரே தவித்தபோது, நகராட்சி அலுவலகத்தில் போய் உட்கார்ந்து, சரி செய்யும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று அடம் பிடித்தவள். அதற்காகவே அவளைத் தலைவியாக்கினோம்.

அமாதா வழக்குப் போட்டாள். நகரத்து நீதிமன்றத்தில் வெள்ளிக்கிழமை விசாரணை. சங்கத் தலைவி நேரில் வந்து, "ஊர் சம்மதிக்கவில்லை" என்று நீதிபதி முன்னால் சொல்ல வேண்டும். அவள் வராவிட்டால் வழக்கு தள்ளுபடி. இது எங்களுக்குத் தெரிந்த மாதிரியே அவர்களுக்கும் தெரியும்.

அதற்குள் தூண் இறக்கும் இயந்திரத்தோடு ஒரு பெரிய மிதவையை இழுத்து வந்து வளைவுக்கு வெளியே நங்கூரம் போட்டுவிட்டார்கள். ஒரு தூணை அடித்தும் விட்டார்கள். அடிக்க அடிக்க என் கடை அலமாரியில் கண்ணாடிக் குவளைகள் கிணுகிணுத்தன.

அந்த வாரத்தில்தான் மோட்டார் சைக்கிளில் ஒருவன் என் கடைக்கு வர ஆரம்பித்தான். வெளியூர்க்காரன். மரியாதையாகப் பேசுவான். மீனை முள் மிச்சம் வைக்காமல் சுத்தமாகச் சாப்பிடுவான்.

"மீன் நல்லா இருக்கும்மா. எதிர் வீடு தலைவி வீடுதானே?"

"ஆமாங்க."

"தனியாவா இருக்காங்க?"

"இந்த ஊர்ல யாருங்க தனியா இருக்கா? எட்டிப் பாத்தா பத்து தலை."

விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டான். "நாய் இருக்கா?" என்றான்.

"ரெண்டு இருக்கு. கடிக்கும்" என்றேன். அமாதா வீட்டில் ஒரு பூனைகூடக் கிடையாது.

அவன் போனதும் ஓடிப்போய் அமாதாவிடம் சொன்னேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"நாய் இருக்குன்னா சொன்ன?"

"ரெண்டுன்னு சொன்னேன்."

"அப்போ இனிமே நீதான்டி வந்து குலைக்கணும்" என்று சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு, "ராத்திரி செருப்பப் போட்டுக்கிட்டே படுக்கறேன் பசீலியா. ஓடணும்னா கல்லு குத்தக்கூடாது பாரு" என்றாள்.

"விட்டுடேன்டி. வேற யாராவது போகட்டும்."

"யாரு? நீ போறியா?"

நான் துருவலைக் கிண்ணத்தில் தள்ளினேன். அவளும் பேச்சுக்குத்தான் கேட்டாள், பதிலுக்காகக் கேட்கவில்லை.

நான் ஏன் இவ்வளவு பயந்தேன் என்பதற்குக் காரணம் உண்டு. என் தம்பி எலியோ எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் குடியிருந்தான். தோட்ட முதலாளிகள் ஆற்றை அடைத்ததைத் தட்டிக் கேட்டான். ஒரு மத்தியானம் வண்டியில் வந்து, கொஞ்சம் பேச வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பவில்லை. உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் ஆட்கள் இருந்தார்கள். எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. பிறகு ஒவ்வொருவராக வந்து என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

புதன்கிழமை மத்தியானம் நம்பர் பலகை இல்லாத வெள்ளைப் பிக்கப் வண்டி ஒன்று எங்கள் தெருவுக்குள் மெதுவாக வந்து அமாதா வாசலில் நின்றது. ஓட்டுகிறவன் இறங்கவில்லை. இன்ஜினையும் அணைக்கவில்லை. பின்னாலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள். ஒருவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நடுத்தர வயது. மற்ற இருவரும் வாலிபர்கள். கதவைத் தட்டினார்கள். தட்டிய கையோடு உள்ளேயும் போய்விட்டார்கள்.

தெருவில் எங்கோ ஒரு வீட்டில் பாடிக்கொண்டிருந்த ரேடியோ நின்றது. அடுத்த வீட்டு ஜன்னல் மூடியது. அதற்கடுத்த கதவு. தாழ்ப்பாள் போடும் சத்தம்கூட எனக்குக் கேட்டது.

நான் தைரியசாலி இல்லை. இடி இடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போகிறவள். எலியோவின் தெருக்காரர்களை நான் வருஷக்கணக்காக மனதுக்குள் திட்டியிருக்கிறேன். அன்று அடுப்பருகே நின்றபோதுதான் அவர்களுக்கு என்ன ஆனது என்று புரிந்தது. கால் வராது. அவ்வளவுதான். நினைப்பு ஓடும், கால் வராது.

கையில் ஏதாவது இருந்தால் நடந்துவிடலாம் என்று தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று தெரியவில்லை. பொரித்த மீன் நாலைத் தட்டில் வைத்து, மேலே வாழைக்காய் வறுவலை அள்ளிப் போட்டேன். தட்டைப் பார்த்துக்கொண்டே தெருவைக் கடந்தேன். வண்டியைப் பார்க்கவில்லை. ஓட்டுகிறவன் என்னைப் பார்ப்பது மட்டும் கழுத்தில் தெரிந்தது.

உள்ளே அமாதா மேசைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். எதிரே வெள்ளைச் சட்டை. ஒருவன் கதவோரம், இன்னொருவன் அவள் நாற்காலிக்குப் பின்னால்.

"கொஞ்ச நேரம் பேசிட்டு நாங்களே கொண்டுவந்து விட்டுடறோம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார் வெள்ளைச் சட்டை. குரலில் கோபமே இல்லை.

"பேசறத இங்கயே பேசலாமே சார்."

"கம்பெனி இன்ஜினியர் அங்க காத்துக்கிட்டிருக்கார்."

"அவருக்குக் கால் இல்லையா?" என்றாள் அமாதா. பேச்சு என்னவோ அவள் பேச்சுதான். ஆனால் அவள் உதடு வெளுத்துக் கிடந்தது.

"அமாதா, மீன் கேட்டியே" என்றேன்.

அவள் என்னிடம் மீன் கேட்டிருக்கவில்லை. "ஆமாடி. வை" என்றாள்.

"வெச்சிட்டுப் போங்கம்மா" என்றார் அவர்.

வைத்தேன். போகத்தான் நினைத்தேன், சத்தியமாக. திரும்பியதும் முழங்கால் இரண்டும் விட்டுப்போயின. மேசையோரம் இருந்த முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன்.

"போங்கன்னு சொன்னேன்."

"போறேன் சார். கொஞ்சம் உக்காந்துட்டுப் போறேன்." என் குரல் ஆட்டுக்குட்டி கத்துவது போல வந்தது. நான் வீம்புக்கு உட்கார்ந்திருப்பதாக அவர் நினைத்துக்கொண்டார். கதவோரம் நின்றவனைப் பார்த்தார். அவன் சூயிங்கம் மென்றபடியே சட்டை நுனியை லேசாகத் தூக்கிக் காட்டினான். இடுப்பில் கறுப்பாகத் துப்பாக்கிப் பிடி.

வெளியே இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. அமாதாவின் கை மேசைக்கு அடியில் என் கையைத் தேடி வந்து பிடித்துக்கொண்டது. அவள் பின்னால் நின்றவன் நாற்காலியின் முதுகைப் பிடித்து மெதுவாக இழுத்தான். "எந்திரிங்கம்மா" என்றான்.

அப்போது பின்வாசல் வழியாக செல்சாவின் குரல் வந்தது.

செல்சா தேங்காய் ரொட்டி விற்கிறவள். அவள் பன்றி என் மரவள்ளிக் கொல்லையைக் கிளறித் தின்றதிலிருந்து எனக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. தெருவில் எதிரே வந்தால் எச்சில் துப்பிக்கொண்டு போவோம். தலையில் ரொட்டிக் கூடையோடு உள்ளே நுழைந்தவள் அந்த ஆட்களைப் பார்க்கவே இல்லை, நேரே என்மேல் பாய்ந்தாள்.

"ஏய் பசீலியா! அடுப்ப எரியவிட்டுட்டு இங்க வந்து மகாராணி மாதிரி உக்காந்திருக்க! எண்ணெய் பத்திக்கிட்டா தெருவே வேகும்டி!"

எனக்குத் திக்கென்றது. பிறகு அவள் கண்ணைப் பார்த்தேன். அதில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது, என் பயம் மாதிரியே.

"என் அடுப்ப நீ ஏன்டி பாக்கற?" என்று கத்தினேன். "உன் பன்னிய ஒழுங்கா கட்டிப்போடத் துப்பில்ல!"

"என் பன்னியப் பத்திப் பேசினா நாக்க அறுத்துடுவேன்!"

"அறுடி பாக்கலாம்! என் மரவள்ளி முழுக்கத் தின்னுச்சு உன் பன்னி!"

"வேலி போட வக்கில்லாதவளுக்கு மரவள்ளி ஒரு கேடா!"

எங்கள் இருவர் தொண்டையும் ஊரறிந்தது. கத்தினோம். தெருக்கோடி வரைக்கும், கடற்கரை வரைக்கும் கேட்கும்படி கத்தினோம். வெள்ளைச் சட்டை ஏதோ சொன்னார், அது எங்கள் சத்தத்தில் அமுங்கிப்போனது. செல்சா மேசையில் ஓங்கித் தட்டினாள். "தலைவி! நீயே இன்னிக்கு ஒரு தீர்ப்பு சொல்லு!"

அமாதா என் கையை விட்டாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ரெண்டு பேரும் வாய மூடுங்க. பன்னி தின்னத யாரு பாத்தது? சாட்சியக் கூப்பிடுங்க" என்றாள்.

முன்வாசலில் ஒரு தலை தெரிந்தது. "பன்னி விஷயமா? நான் பாத்தேன்." அதன் பின்னால் இன்னொரு தலை. "அது செல்சா பன்னியே இல்ல, மேலத்தெரு பன்னி." கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது. ஒருவர் வந்ததும் இன்னொருவருக்கு வர முடிந்தது. கையில் துவைத்த துணியோடு ஒருத்தி, பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஒருவர், வலை பின்னும் ஊசியோடு ஒரு கிழவர். உள்ளே வந்து கிடைத்த இடத்தில் நின்றார்கள். யாரும் அந்த மூவரையும் முறைக்கவில்லை. எல்லோரும் பன்றியைப் பற்றியே பேசினார்கள்.

"அம்மா, இத அப்புறம் வெச்சுக்கலாமே" என்றார் வெள்ளைச் சட்டை.

"விசாரணை ஆரம்பிச்சா நடுவுல எந்திரிக்கக் கூடாது சார். எங்க ஊர் வழக்கம்" என்றாள் அமாதா. அப்படி ஒரு வழக்கம் எங்கள் ஊரில் இல்லை.

கதவோரம் நின்ற வாலிபன் சுவருக்கும் செல்சாவின் ரொட்டிக் கூடைக்கும் நடுவில் நெருக்குண்டு நின்றான். மெல்வதை நிறுத்தியிருந்தான். அவன் கை இடுப்புப் பக்கம் போனது. அந்த நெரிசலில் ஒரு குண்டு வெடித்தால் யார்மேல் படும் என்று யாருக்கும் தெரியாது.

அந்த நேரத்தில் பெர்மின் வந்தான். ஊரிலேயே வேகமான மோட்டார் படகு அவனுடையது. துறை வரவேண்டும், அதனால் வேலை வரும் என்று ஒவ்வொரு சங்கக் கூட்டத்திலும் அமாதாவோடு சண்டை பிடிக்கிறவன். அவனைக் கண்டதும் பேச்சு தேய்ந்து நின்றது. வெள்ளைச் சட்டை முகம் தெளிந்தது.

"வாப்பா பெர்மின். நீயாவது இவங்களுக்குச் சொல்லு."

பெர்மின் தொப்பியைக் கழற்றினான். "சார், துறை வரணும்னு சொல்றவன் நான். எம் பசங்களுக்கு வேலை வேணும். இவங்க மூஞ்சிக்கு நேராவே சொல்லியிருக்கேன்."

"அதான்பா."

"வெள்ளிக்கிழமை இவங்க கோர்ட்டுக்குப் போகட்டும். தோத்துட்டு வரட்டும். நான் கைதட்டிச் சிரிக்கறேன். ஆனா வண்டில ஏத்தாதீங்க சார்." தொப்பியைக் கையில் திருகினான். "இத்தன பேர் பாக்க ஏத்திட்டுப் போயிட்டீங்கன்னா, நான் இந்தத் தெருவுல எம் மூஞ்சிய எங்க வெச்சுக்குவேன்?"

வெள்ளைச் சட்டை அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். ஒவ்வொரு முகத்திலும் அவர் கண் நின்று நகர்ந்தது. என் முகத்தில் கொஞ்சம் அதிகம் நின்றது போல எனக்குப் பட்டது. பிறகு எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டார்.

"நகரத்துக்குப் போற ரோடு ரொம்ப நீளம்மா" என்றார் அமாதாவிடம். "பாத்துப் பத்திரமா போங்க."

மூவரும் ஏறி வண்டி போனது. அமாதா பின்பக்கம் ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். முகத்தில் நுரையோடு வந்தவர் தரையில் உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதார். ஆட்கள் இருந்தபோது இருந்த பயத்தைவிட அவர்கள் போன பிறகு வந்த பயம் பெரிதாக இருந்தது. செல்சா ஒரு ரொட்டியைப் பிய்த்து என் கையில் திணித்தாள். "பன்னி விஷயத்துல நான் சொன்னதுதான்டி நெசம்" என்றாள்.

ரோடு வேண்டாம், கடல் வழியாகப் போகலாம் என்று முடிவாயிற்று. அமாதாவைக் கூட்டிப்போக வேகமான படகு வேண்டும். யாரும் கேட்பதற்கு முன்னால் பெர்மினே வெள்ளிக்கிழமை விடிந்ததும் படகைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றான். "யாரும் எனக்கு நன்றி கின்றின்னு ஒண்ணும் சொல்ல வேணாம். ஏறுங்க" என்றான். அமாதாவோடு நானும் செல்சாவும் ஏறினோம். சுற்றிலும் ஊர்ப் படகுகள் எத்தனை கிளம்ப முடியுமோ அத்தனையும் வந்தன.

வாடைக்காற்று பலமாக இருந்தது. அலை பக்கவாட்டில் அறைந்தது. மிதவையைத் தாண்டும்போது அதன் பின்னாலிருந்து சாம்பல் நிறப் படகு ஒன்று கிளம்பி எங்கள் பின்னால் வந்தது. முதலில் தூரத்தில் வந்தது. பிறகு ஊர்ப் படகுகளுக்கு நடுவில் புகுந்து எங்களுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. கை நீட்டினால் தொடலாம். அமாதாவைப் படகின் அடியில் படுக்கச் சொல்லி, நானும் செல்சாவும் அவள்மேல் குனிந்துகொண்டோம். அவள் நெஞ்சு அடிப்பது என் வயிற்றில் தெரிந்தது. சாம்பல் படகில் இருந்தவன் சுடவில்லை. போனை எடுத்து எங்களை ஒவ்வொருவராகப் படம் பிடித்தான். பெர்மினையும் பிடித்தான். நிதானமாக, கல்யாணத்தில் படம் எடுப்பவனைப் போல. பிறகு திரும்பிப் போய்விட்டான்.

"சிரிச்சிருக்கலாம்" என்றான் பெர்மின். யாரும் சிரிக்கவில்லை.

நகரத்துக் கரையில் இறங்கி, திருவிழாவில் சிலையைத் தூக்கிப்போவது போல அமாதாவை நடுவில் வைத்து நீதிமன்றத்துக்கு நடந்தோம். நீதிபதி கேட்டார். அமாதா எழுந்து நின்று, அப்படி ஒரு கூட்டம் நடக்கவே இல்லை, ஊர் சம்மதிக்கவில்லை என்றாள். நனைந்த பாவாடையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. குரல் மட்டும் நடுங்கவே இல்லை. தீர்ப்பு வரும்வரை எந்த வேலையும் நடக்கக்கூடாது என்று உத்தரவு ஆனது. சில வாரங்கள் கழித்து மிதவையை இழுத்துக்கொண்டு போனார்கள். அடித்த தூண் மட்டும் இன்னும் தண்ணீரில் நிற்கிறது.

நாங்கள் ஜெயித்துவிட்டதாக நினைத்த நேரத்தில்தான் அமாதாவுக்கு ஒரு போன் வந்தது. ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்களாம். அவள் மகள் அன்று காலை விடுதியிலிருந்து எந்த நிறச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தாள் என்று.

அமாதா என் கடைக்கு வந்து அடுப்பருகே உட்கார்ந்தாள். "எனக்கு என்ன வேணா ஆகட்டும்னுதான் நெனச்சிருந்தேன்" என்றாள். "சட்டைக் கலர சொல்றாங்கடி. மஞ்சள்னு சொல்றாங்க. அவளுக்கு போன் பண்ணிக் கேட்டேன். மஞ்சள்தான்."

ஊரை விட்டுப் போகிறேன் என்றபோது நான் அவளைப் போகாதே என்று சொல்லவில்லை. இரண்டு பைகளோடு அவள் மகளைக் கூட்டிக்கொண்டு நாட்டு எல்லை தாண்டிப் போனாள். எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்ல மாட்டேன்.

புதுத் தலைவியைத் தேர்ந்தெடுக்கக் கூட்டம் கூடியது. பெயர் சொல்லுங்கள் என்றார்கள். எல்லோரும் தரையைப் பார்த்தோம். அப்போது செல்சா கையைத் தூக்கி, "பசீலியா" என்றாள். மரவள்ளிச் சண்டைக்காகப் பழிவாங்கிவிட்டாள் என்று இன்றும் அவளைத் திட்டுவேன். முடியாது என்று சொல்ல எழுந்தேன். எலியோவின் தெரு ஞாபகம் வந்தது. முடியாது என்று சொல்லாமலே நின்றேன். ஒவ்வொரு கையாக மேலே போனது. பெர்மின் தூக்கவில்லை, துறை வேண்டும் என்பதில் அவன் மாறவில்லை. ஆனால் கூட்டம் கலைந்ததும் என் பக்கத்தில் வந்து, "எங்க போறதா இருந்தாலும் படகு இருக்கு, சொல்லுங்க" என்று முனகிவிட்டுப் போனான்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. நான் எங்கேயும் தனியாகப் போவதில்லை. குளிக்கப் போனாலும் கூட இரண்டு பேர். கரையில் படகுகள் ஏறி இறங்குகின்றன. போன் மணி அடித்தால் பதறி எண்ணெயில் கரண்டியைப் போட்டுவிடுகிறேன். நாளைக்குச் சங்கக் கூட்டம் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுகிறதாம், அதைப் பேச வேண்டும்.